இரண்டு புள்ளி மூன்று

ஞாயிறு காலை. சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட்.
பள்ளிக்கூட மண்டபம்தான் எங்கள் சபை.
"சாட்சி சொல்ல யார் வருகிறீர்கள்?" என்கிறார் பாஸ்டர்,
கண் மட்டும் என்மேல்.
அம்மா முழங்கையால் இடிக்கிறாள்.
இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்தவள்;
சாக்ஸ் ஆலையின் நூல்தூசி இன்னும் தலைமுடியில்.

எழுந்துவிட்டேன்.
மைக் கைக்கு வந்துவிட்டது.
'ஸ்தோத்திரம்' என்று தொடங்கினால்
மீதி தானாக வரும் என்பார்கள்.
வரவில்லை.

அதனால், ஆண்டவரே,
இவர்கள் காத்திருக்கட்டும், முதலில் உம்மிடம் பேசுகிறேன்.

நான் கேட்டது காற்று.
வியாழன் இரவு, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு.
ஒன்றரை போதும் என்றேன்,
மிஞ்சிப்போனால் ஒன்று புள்ளி எட்டு;
முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளுகிற மாதிரி.
விதி இரண்டு வரைதான் ஒப்புக்கொள்ளும் என்பதையும்
ஒரு தகவலுக்காகச் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை, கிங்ஸ் பார்க்.
ஐந்தாவது தாண்டல்.
பதினேழு காலடி.
பலகையைப் பார்க்காதே:
எங்கள் ஆட்டத்தின் மொத்த ஞானமும் அவ்வளவுதான்.
பார்த்தவள் தடுமாறுவாள்.
கண்ணைத் தூரத்து மரத்தில் நட்டுவிட்டு
அங்கே இருக்கும் என்று மிதிக்க வேண்டும்.

மிதித்தேன்.
அப்போது வந்தீர்.

ஐம்பத்தொரு கிலோ ஜெருஷா நாயக்கர்
கொஞ்ச நேரம் பூமிக்குக் கணக்குக் காட்டவில்லை.
மணல் வந்து சேர்வதற்குள்
எனக்குப் பசிக்கக்கூட நேரம் இருந்தது.

ஐந்து மீட்டர் தொண்ணூற்றிரண்டு!
வேலிக்கு வெளியே அப்பா
பேக்கியின் ஹாரனை விடாமல் அடித்தார்.
பிறகு, சாம்பல் கோட்டுக்காரர்
காற்றுமானியைக் குனிந்து பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடியும் பார்த்தார்.

இரண்டு புள்ளி மூன்று.

பதக்கம் உண்டாம், தூரம் இல்லையாம்.
அணியில் சேர ஐந்து எழுபது வேண்டும்;
நல்ல காற்றில் என்னுடையது ஐந்து அறுபத்து நான்கு.
நோகுபோங்கா ம்கிஸே ஐந்து எழுபத்தொன்று தாண்டியிருந்தாள்,
காற்று வெறும் பூஜ்யம் புள்ளி நான்கு.
அவள் போகிறாள்.
அவள் பெயருக்கு ஸூலுவில் 'நன்றி' என்று பொருள்.
அன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட
எனக்கு நா எழவில்லை.

உடைமாற்றும் அறையில் அவளேதான் வந்தாள்,
பாதி வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டு.
"நான் ஜெபித்தேன்" என்றாள்.
"என்னவென்று?"
"என் முறை வரும்போது காற்று ஓயவேண்டும் என்று."

நான் சிரித்தேன்.
அழுதேன் என்றும் சொல்லலாம்;
வாயில் வாழைப்பழம் இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.
ஒரே மதியம், ஒரே மணல்குழி.
அவளுக்கு ஓய்ந்தீர்.
எனக்குக் கிள்ளிக் கொடுக்கத் தெரியாமல் அள்ளிக் கொடுத்தீர்.
பூஜ்யம் புள்ளி மூன்று, ஆண்டவரே!
உமக்கு அது ஒரு பெருமூச்சு அளவா?

'எல்லாம் அவர் திட்டம்' என்பார் பாஸ்டர், மதிய பிரியாணிக்கு முன்.
இருக்கலாம்.
இன்னும் எனக்குக் கோபம் போகவில்லை,
போய்விட்டதாக உம்மிடம் நடிக்கவும் மாட்டேன்.
ஆனால் ஒன்று:
பார்க்காமல் ஓடுவது எனக்குப் புதிதல்ல.
பதினேழு காலடிக்கு என்னால் முடியும்.
அதற்கு மேல் பழகவேண்டும்.

மண்டபம் காத்திருக்கிறது.
யாரோ இருமுகிறார்கள்.
மைக்கை வாயருகே கொண்டுபோகிறேன்.

"நேற்று நான் பறந்தேன்.
அளவுக்கு அதிகமாக. ஸ்தோத்திரம்."

'ஆமென்' என்கிறார்கள், ஒன்றும் புரியாமல்.
அம்மா மட்டும் தலை குனிந்து
என் கான்வாஸ் ஷூவிலிருந்து தரையில் உதிர்ந்த
மணலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நாளை மாலை நான்கு மணிக்கு
நோகுபோங்காவுக்கு நாடா பிடிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.
அவளுடையது பத்தொன்பது காலடி.