ஒன்பதாம் தட்டு

கொழும்பில் ஒரு சாரத்தின் விலைக்குப்
பதினொரு இசைத்தட்டு வாங்கிவந்தேன்.
எல்லாமே ராக்டைம். வெறும் பியானோ.

இடக்கை, வத்தை எஞ்சின்போல
ஒரே சீராய்ப் போகும்.
வலக்கை நண்டு:
அலை வருமுன்னே ஓடும்,
வந்தபின் நின்று பார்க்கும்.

ஒன்பதாம் தட்டில் வெடிப்பு.
சுற்றுக்கொரு டக்.
கீழக்கரைக் கத்திரி வெயில்தோறும்
அது ஒரு நூல் நீளும்.

போன மாதம் மச்சான் நூகு
அதே தட்டைத் துபாயிலிருந்து அனுப்பினார்,
கீறல்கூட இல்லாமல்.
போட்டோம்.
பழுது ஒன்றும் இல்லை.
என்னவோ ஒன்றும் இல்லை.

ருக்கையா பேசவில்லை.
தட்டு சுழல்வதையே பார்த்திருந்தவள்
தேத்தண்ணிக் கிளாசில்
மோதிரத்தால் தட்டினாள்.
முதல் தட்டு பிந்திவிட்டது.
ரெண்டாவது,
இல்லாத வெடிப்பின்
மேலேயே விழுந்தது.