தாழ்ப்பாள்

நாலரைக்கு இட்லிச் சட்டியை இறக்குவேன்.
ஐந்தேகாலுக்கு ஒச்சப்பன் ஜீப்
முக்கில் நின்று ஒரே ஒரு ஹாரன்.
பதினான்கு பெண்கள்,
மடிக்கு மடி தூக்குச் சட்டி.
கம்பம்மெட்டு ஏறும்வரை யாரும் வாய் திறப்பதில்லை,
திறந்தால் வளைவில் வாந்தி.

சாயங்காலம் ஆறரைக்கு வந்து பார்த்தால்
ஹாட்பாக்ஸ் வைத்த இடத்தில் வைத்தபடி.
மூடியின் உட்புறம் வியர்த்திருக்கும்.
நாலு இட்லி. நாலும்.
தக்காளிச் சட்னிமேல் தோல் மாதிரி ஒன்று.

"லேட்டாயிருச்சும்மா."
"பசிக்கலம்மா."
"காலைல தொண்டைல எறங்கல."
கோபிகா, பதினொன்றாம் வகுப்பு,
நாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தாள்.

திட்டினேன். அரிசி விலை சொன்னேன்.
ராத்திரி ஒரு மணிவரை முழித்தால்
காலையில் எந்த வயிறு முழிக்கும் என்று
போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்தேன்.
பத்து மணிக்கே தூங்கினாள்.
இட்லி அப்படியே இருந்தது.
முட்டை அவித்தேன். சேமியா கிண்டினேன்.
மேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடையில்
புட்டுக்குழல் வாங்கிவந்து
புட்டும் நேந்திரம்பழமும் வைத்தேன்.
புட்டை நாய் தின்றது. பழத்தை நான்.

ஏலக்காட்டில் பத்து மணிக்குக் கை கழுவும்போது
சூப்பர்வைசர் ஜோமோன் ஒவ்வொருத்தியிடமும் கேட்பார்,
"கழிச்சோ?"
முதல் வருஷம் அந்தக் கேள்விக்கு
முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தோம்.
மேட்டுக்கு அந்தப் பக்கம் அது சாப்பிடுவது.
இந்தப் பக்கம் வேறு.
ஒருநாள் இதைச் சொல்லி
கோபிகாவைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன்.
சிரிக்கவில்லை.
தட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"ரெண்டும் ஒண்ணுதாம்மா.
தின்னா போகணும். தண்ணி குடிச்சா போகணும்.
பொண்ணுங்களுக்கு மூணு பாத்ரூம்.
ஒண்ணுல கதவில்ல, ஒண்ணு பூட்டியே கெடக்கு,
மிச்சம் இருக்கறதுல தாழ்ப்பாள் இல்ல.
நான் போனா ஷிஃபானா கதவப் புடிச்சுக்குவா,
அவ போனா நான்.
அவ லீவு போட்டுட்டா
அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்..."

முடிக்கவில்லை.

இட்லியின் எண்ணிக்கை எனக்குத் தெரிந்திருந்தது.
மலைக்குப் போகிற நாளில்
நானும் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை.
அங்கே புதர்தான்,
ஆனால் சுற்றி நாலு பேர் முதுகு காட்டி நிற்பார்கள்.
இத்தனை வருஷத்தில்
இதை ஒரு காரணம் என்று நான் நினைத்ததே இல்லை.

திங்கட்கிழமை ஜீப்பை அனுப்பிவிட்டேன்.
ஒரு நாள் கூலி போனது.
கம்பத்தில் கடை திறக்கக் காத்திருந்து
ஆறங்குலத் தாழ்ப்பாள் ஒன்று, திருகாணி எட்டு.
துருப்பிடிக்காததா கொடுங்க பாய் என்று கேட்டு
எழுபத்தைந்து ரூபாய்க்கு வாங்கினேன்.

தலைமையாசிரியை மேசையில் வைத்தேன்.
அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"பெற்றோர் கூட்டத்துல சொல்லியிருக்கலாமே."
"கூட்டம் நடக்கறப்ப நான் மலைமேல இருப்பேன் டீச்சர்."

வாட்ச்மேனிடம் திருப்புளி இருந்தது.
கதவு ஊறிப்போய் முதல் துளை பிடிக்கவில்லை.
இரண்டு விரல் தள்ளி முடுக்கினோம்.
உள்ளே போய் நானே போட்டுப் பார்த்தேன்.
விழுந்தது.
வெளியே வாட்ச்மேன் "சரியா இருக்காம்மா" என்றார்.
பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம்
உள்ளேயே நின்றேன்.

மறுநாள் ஹாட்பாக்ஸில் மூன்று இட்லி.
அதற்கு மறுநாளும் மூன்று.
வெள்ளிக்கிழமை நாலும் இருந்தது,
நான் ஒன்றும் கேட்கவில்லை.
மூலையில் கிடந்த புத்தகப்பையில்
காலையில் நிரப்பிவைத்த தண்ணீர் பாட்டிலை எடுத்து
காதருகே வைத்துக் குலுக்கினேன்.
அடியில் இரண்டு மடக்குதான் இருந்தது.