ஊர் பெயர் இல்லாத கடிதம்

ஓராண்டு முடியும்வரை
உன் பெயர் எனக்கும் என் பெயர் உனக்கும் கிடையாதாம்.
கடிதம் எழுதலாம்.
ஊர், வேலை, தெரு, ஆஸ்பத்திரி எதுவும் வரக்கூடாது.
ஜெசிந்தா மேடம் படித்துப் பார்த்து
கறுப்பு மை போட்டுத்தான் அனுப்புவார்.

ஆண். இருபத்தாறு வயது.
உன்னைப் பற்றி எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

தம்பி என்று கூப்பிடலாமா?
கூடப் பிறந்தவர்கள் எனக்கு இரண்டு பேர்.
ஒருவன் பாதி பொருந்தினான், இன்னொருவன் அதுவும் இல்லை.
நீ பத்துக்குப் பத்து.
எனக்கும் தணிகாசலத்துக்கும்
ஓட்டேரி ஜோசியர் பார்த்தபோது ஆறுதான் தேறியது,
அதிலும் ரஜ்ஜு இல்லையென்று
மாமியார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.
பத்துப் பொருத்தமும் கூடிய ஒரே ஆள்
முகம் தெரியாத நீ.
இதைச் சொன்னதும் அவர்
அந்த வார்டில் முதல்முறையாகச் சிரித்தார்.

நீ வந்த நாளை அங்கே பூஜ்யம் என்கிறார்கள்.
அதற்கு முன்னால் மைனஸ் ஏழு, மைனஸ் ஆறு,
ராக்கெட் விடுகிற மாதிரி.
மஜ்ஜையை மருந்து விட்டுத் துடைத்தெடுத்தார்கள்.
ராத்திரி டெப்போவில் வண்டி கழுவுவார்களே,
ஒரு டிக்கெட் துண்டுகூட மிச்சமில்லாமல், அப்படி.
(டெப்போவை மேடம் அடிப்பார். அடிக்கட்டும்.)

பிறகு ஒரு நீலப்பெட்டி.
விமானத்தில் யாரோ மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம்.
உள்ளே சின்னப் பை,
தக்காளி ரசத்தில் கொஞ்சம் பால் விழுந்த நிறம்.
இதற்கா இத்தனை லட்சம் என்று நினைத்தேன், மன்னித்துவிடு.
ஐம்பது நிமிஷம் சொட்டினாய்.
பெரம்பூரில் எடுத்த வண்டி அடையாறு தொடுவதற்குள்
முடிந்துவிட்டது.
(இதையும் அடிப்பார்.)

அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை.
வாய் முழுக்கப் புண்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நித்திலா
கணக்குப் பரீட்சைத் தாளை ஒட்டிப் பிடித்துக் காட்டினாள்.
வெளியே மழை. அந்த ஜன்னல் திறக்காது.
வெள்ளணு பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம்.
பதினான்காம் நாள் நாற்பது.
நர்ஸ் அல்போன்சா ஓடிவந்து சொன்னாள்.
நாற்பது என்றால்
விடிகாலை முதல் டிரிப்பின் கலெக்‌ஷன்கூட இல்லை.
ஆனால் வண்டி கிளம்பிவிட்டது.

மூன்றாம் மாதம் உள்ளங்கை சிவந்து உரிந்தது.
உன் செல்கள் என் தோலை வேற்றாள் என்கின்றனவாம்.
புதிதாய் ஏறியவர் இருக்கைக்குச் சண்டை போடுவது
எனக்கென்ன புதிதா?
கொஞ்சம் தள்ளி உட்காருங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு என்று
ராத்திரியெல்லாம் என் கையிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஸ்டீராய்டும் அதைத்தான் சொன்னது,
சற்று அதட்டலாக.

இப்போது என் ரத்தம் ஓ பாசிட்டிவ்.
அடையாள அட்டையில் இன்னும் பி.
ரத்தத்தைச் சோதித்துக் கேட்டால் ஆண் என்கிறது.
மாமியாரிடம் சொல்லவில்லை.
போன வாரம் குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்து
முத்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டேன்,
நாற்பத்து மூன்று வயதில்.
பக்கத்து மடியிலிருந்த ஒன்று
அழுகையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தது.

எதிர் அறை ஸுபைதாவுக்கு
உன்னைப்போல யாரும் பொருந்தவில்லை.
அவளுடைய அணுக்களையே வெளியே எடுத்து
பகையாளி யாரென்று பாடம் சொல்லிக்கொடுத்து
திரும்ப உள்ளே அனுப்பலாம் என்கிறார் டாக்டர்.
பணம் சேர்கிறது.
இன்னும் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

சில்லறை இல்லாதபோது
சீட்டின் பின்னால் பாக்கி எழுதித் தருவோம் நாங்கள்.
மறந்து இறங்கிவிடுகிறவர்கள் உண்டு.
ராத்திரி கணக்கு ஒப்படைக்கும்போது
மூன்று ரூபாய், நான்கு ரூபாய் அதிகம் நிற்கும்.
யாருடையதென்று முகங்களை ஓட்டிப் பார்ப்பேன்.
ஒன்றும் வராது.

நீ எந்த நிறுத்தத்தில் இறங்கினாய், தம்பி?

(நிறுத்தம் என்பதை மட்டும்
விட்டுவிடுங்கள், மேடம்.)