ஏரோப்ளேன் மோட்

செம்பூர் முனிசிபல் பள்ளி, மூன்றாவது மாடி.
சனிக்கிழமை. ஜூலை மழை ஜன்னல் வழியே
உள்ளேயும் கொஞ்சம் பெய்தது.
ஏழு மொழிப் பள்ளிகளிலிருந்து வந்த நாங்கள்
நாற்பத்திரண்டு பேர்,
பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க.

பயிற்சி தர வந்தவள் பெயர் ருதுஜா.
மேசையில் பையைக் கவிழ்த்தாள்:
செத்துப்போன லேசர் விளக்கு, ரப்பர் பேண்ட்,
ஒரு வயர், கை மாறிக் கை மாறி வந்த புரொஜெக்டர்.
"மொத்தச் செலவு நூற்றுப்பத்து ரூபாய்" என்றாள் இந்தியில்,
"புரொஜெக்டர் நீங்கலாக,
போன் நீங்கலாக."

கணக்கும் அறிவியலும் எடுப்பவள் நான்.
'நீங்கலாக' என்பதை நோட்டில் எழுதி
அடிக்கோடிட்டுக்கொண்டேன்.

லேசர் விளக்கை உடைத்து
மிளகளவு கண்ணாடி ஒன்றை எடுத்தாள்.
பிடித்து நிறுத்த எதுவுமில்லை.
சங்கரகோமதி டீச்சர் தலையிலிருந்து
ஒரு கொண்டை ஊசியை உருவி நீட்டினார்.
"யாராவது போன் தருவீர்களா?"
எல்லோருக்கும் திடீரென்று
கைப்பையில் ஏதோ தேட வேண்டியிருந்தது.
நான் கொடுத்தேன்,
இடது மூலையில் விரிசல் விட்ட என் போனை.

சுவரில் என் சேலை நூல்
கப்பல் வடம்போல் முறுக்கிக்கொண்டு கிடந்தது.
ஈரம் அதில் முத்து முத்தாய்.
"அய்யோ" என்றது ஒரு குஜராத்தி டீச்சர் குரல்,
அது எங்கள் மொழியோ அவர் மொழியோ தெரியவில்லை.

அப்போதுதான் மேலிருந்து இறங்கியது
ஒரு செய்தி.
நகைக்கடன். வட்டி கட்டக் கடைசித் தேதி இன்று.
தொகை, பைசா சுத்தமாய்.
ஓர் எழுத்து ஒரு முழம்.
அதைப் பெருக்கிக் காட்ட
கண்ணாடி தேவைப்படவில்லை.

ருதுஜா பாய்ந்து வந்து போனைக் கவிழ்த்தாள்.
"இதுதான் முதல் பாடம், ஏரோப்ளேன் மோட்.
நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், மாஃப் கரோ."
மின்விசிறி மட்டும் சுற்றியது.
என் காது சுட்டது.

பின் பெஞ்சிலிருந்து, தமிழில், தாழ்வாக:
"எனக்குப் பதினெட்டாந்தேதி."
ஊசி இல்லாத கொண்டையைச் சரிசெய்தபடி
சங்கரகோமதி டீச்சர்.
"எனக்கு வளையல் மூழ்கியே போச்சு" என்றாள் எமிலி ஜெபராணி.
சிரித்துவிட்டோம்,
தமிழ்ப் பள்ளிக்காரர்கள் ஐந்து பேரும்,
கண்ணில் நீர் வர.
என்ன என்ன என்று கேட்டாள் ருதுஜா.
ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.

சாயங்காலம் கருத்துப் படிவம்.
பயிற்சி பயனுள்ளதா?
'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
பொய் இல்லை, அந்த நூல் இன்னும் கண்ணில் இருந்தது.
ஆலோசனைகள் என்ற இடத்தில் எழுதினேன்:
போனும் பள்ளிக்கூடத்துடையதாக இருக்கலாம்.
அடிக்கப் போனேன். அடிக்கவில்லை.

திங்கட்கிழமை, சீத்தா கேம்ப், ஏழாம் வகுப்பு.
புரொஜெக்டர் இல்லை.
ஐம்பத்தோரு பிள்ளைகள், ஓர் உள்ளங்கைத் திரை.
இரண்டு டிபன் டப்பாவுக்கு நடுவே
போனைப் படுக்கவைத்தேன்.
திருப்பிக் கொடுக்காத கொண்டை ஊசி அதன் முதுகில்.
இசக்கியின் அம்மா வடை போடுகிறவள்;
வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை.
வரிசையில் வந்து குனிந்து பார்த்தார்கள்.

"செங்கல் சுவர் டீச்சர்."
"பூசாத சுவர்."
"எங்க வீடு மாதிரியே."
செல் என்ற சொல்லை நான் சொல்வதற்குள்
ஷர்மிளா உப்புக்கல் ஒன்றை வைத்துவிட்டாள்,
ஆசிக் தன் நகத்தை,
மூன்றாம் முறை வரிசையில் நுழைந்த ஒருத்தி
பழைய பஸ் டிக்கெட்டை.
பாடம் என் கையை விட்டு
எங்கோ போய்க்கொண்டிருந்தது; விட்டுவிட்டேன்.

கடைசியில் வந்தவன் செல்வபிரபு.
வெங்காயத்தைப் பார்க்கவில்லை.
திரையின் மூலையைத் தொட்டான்.
"டீச்சர், சின்னதா ஏரோப்ளேன் இருக்கே.
இது இருந்தா யாரும் கூப்பிட முடியாதுல்ல?"
"முடியாது."
"எங்கப்பாவும் ராத்திரியானா
இதைத்தான் போட்டுட்டுப் படுப்பாரு."

வெங்காயத் தோலைச் சற்றே நகர்த்தி
அவனுக்காக மறுபடி தெளிவாக்கினேன்.
"இப்போ பாரு" என்றேன்.
குனிந்தான்.