இருபது கிலோவுக்குக் கீழே

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு முன்னூறு அடி இப்பால்
என் எடைமேடை.
தேங்காய், மாட்டுத்தீவனம், கிரஷர் ஜல்லி,
எல்லை தாண்டும் எதுவும் இதில் ஏறி இறங்கித்தான் போகும்.
அரை டன் கூடினாலும்
சீட்டில் சிவப்பு மையில் வட்டம்.
"அக்கா, கொஞ்சம் கண்ண மூடிக்குங்க."
நான் மூடிக்கலாம்ப்பா,
ஆக்சில் மூடிக்குமா?

அப்படிக் கேட்கிற நான்தான்
பின்கட்டில் புதிதாய்க் கட்டிய மூவாயிரம் லிட்டர் தொட்டியில்
இருபத்திரண்டு கோய் மீனை விட்டேன்.

கொழிஞ்சாம்பாறை ரெஜிமோன் சொல்லத்தான் சொன்னான்,
"சேச்சி, முதல்ல ரெண்டு.
ஒன்றரை மாசம் கழியட்டே, பின்னே நோக்காம்."
சிமெண்ட் காரம் போக வாழைத்தண்டு ஊறப்போடச் சொன்னான், போட்டேன்.
மூன்று தடவை நீரை வடித்து நிரப்பச் சொன்னான், நிரப்பினேன்.
ரெண்டு என்ற சொல்லை மட்டும்
பேரம் என்று எடுத்துக்கொண்டேன்.
அடியில் விழுந்த ஐம்பது பைசாவில் வருஷம் படிக்கலாம்,
அவ்வளவு தெளிவு.
இந்தத் தண்ணீரில் என்ன குறை?

ஐந்தாம் நாள் விடியலில்
இருபத்திரண்டு வாயும் நீர்மட்டத்தில்.
பசி என்று நினைத்து
இன்னொரு பிடி தீனி போட்டேன்.
எழுதும்போதும் கை கூசுகிறது.

சோதனைக் குழாயில் ஐந்து மில்லி,
எட்டுச் சொட்டு, ஒரு குலுக்கல்.
எலுமிச்சை மஞ்சளாய் நிற்க வேண்டியது
நிற்காமல்
வாழையிலைப் பச்சைக்குப் போனது.
மூச்சிலும் கழிவிலும் அவை இறக்கிவைத்த பாரம்
கண்ணுக்குத் தெரியாது.
செவுளுக்குத் தெரியும்.

இரவுக்குள் ஏழு.
வாளியில் எடுத்துப் போகையில் என்ன தோன்றியதோ,
மேடை நடுவில் வைத்துவிட்டு இறங்கிக்கொண்டேன்.
திரையில் சுழியம்.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் அறியாத இயந்திரம்.
பதினெட்டு வருஷமாக
அதை நம்பித்தான் சோறு.

பன்னிரண்டைத் திரும்பப் பைகளில் அடைத்து
ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்து எல்லை தாண்டினேன்.
காக்கிச்சட்டை டார்ச் அடித்தார், "எந்தா இது?"
ஓவர்லோடு சார்.
புரியாமல் கைகாட்டி விட்டார்.

ரெஜிமோன் பைகளைத் தன் தொட்டியில் மிதக்கவிட்டான்.
உள்சூடும் வெளிச்சூடும் ஒன்றாகும்வரை பேசவில்லை.
அப்புறமும் திட்டவில்லை.
தன் ஃபில்டரிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைப் பிடுங்கி,
கறுத்து, வழவழத்து, சேற்று வாடையோடு,
ஈரத்தோடே கையில் கொடுத்தான்.
"கழுவிடாதீங்க. இதில் ஆளுண்டு."

ஆறு வாரமாகிறது.
அம்மோனியா இறங்கியது என்று மூச்சு விட்டால்
நைட்ரைட் ஏறியது.
கல்லுப்பு. கால்வாசி நீர் மாற்றல். ஒரு சிட்டிகைத் தீனி, சில நாள் அதுவும் இல்லை.
ஊதாக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
கரண்ட் அட்டையின் பின்பக்கம் தேதி போட்டு எழுதுகிறேன்.
கணவாய்க் காற்று
பாலக்காட்டுப் புழுதியும் பனையோலைத் துணுக்கும் கொண்டுவந்து கொட்டுகிறது,
வரி கட்டாமல்.
வலையில் அள்ளுகிறேன்.

நேற்று ஜல்லி லாரி கிளீனர் எட்டிப் பார்த்தான்.
"இவ்ளோ பெரிய தொட்டிக்கு மூணுதானா?"
மூணும், அந்த ஸ்பாஞ்சில் குடியேறிய
கணக்கில் வராத கூட்டமும் என்று
சொல்ல வாயெடுத்து,
வண்டியை மேடையில் ஏத்துப்பா என்றேன்.
பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது.
சரியான எடை. வட்டமில்லை.
அதிர்வு கேட்டு அடியில் ஒருமுறை புரண்டாள்
முதுகில் மை சிந்தினவள்.

தண்ணீர் இப்போது கொஞ்சம் பச்சை.
ஐம்பது பைசா தெரியவில்லை.