ஆடியில் பாதி வாடகை

ஆடியில் யாரும் தாலி கட்டுவதில்லை,
செல்லூர் மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைத்தது.
புதுப்பெண்களைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய்ப்
பிரித்துவைத்திருக்கிற மாதத்தில்
கட்டிலைப் பற்றி நாடகம் போடுகிறோமே என்று
சோணைமுத்துதான் முதலில் சிரித்தான்.

பழைய நாடகம். எழுதியவன் பெயரைச் செல்லரித்துவிட்டது.
ஒருவன், அவன் மனைவி, அக்கரையில் ஒருத்தி.
நாலு அங்கமும் அவன் ஆற்றைக் கடந்துகொண்டே இருப்பான்.
மூலத்தில் பரிசல்.
எங்களுக்கு ஏ.வி. பாலமும்
குப்புராமின் சித்தப்பா கொடுத்த டி.வி.எஸ். வண்டியும்.
ஐந்தாம் அங்கத்தில் மனைவி கதவைத் திறந்துவிடுவாள்,
ஒரு வெண்பா சொல்லித் திறப்பாள்.
அதை என்ன செய்வதென்று மூன்று வாரம் சண்டை.

பிரதியை ஸ்டேஷனில் கொடுத்தோம்.
கட்டில் என்று வந்த பதினேழு இடங்களையும்
எஸ்.ஐ. சிவப்பு மையில் அடித்திருந்தார்.
முலை இரண்டு இடத்தில் இருந்தது,
வெண்பாவுக்குள் இருந்ததால் தப்பித்துக்கொண்டது.
கட்டில் போய்ப் பாய் வந்தது.
பாய் பரவாயில்லை என்றார்.
விடிந்ததும் சுருட்டிவிடலாம் இல்லையா.

அக்கரைக்காரியாக ஜெசிந்தா நடிப்பதாக இருந்தது.
அண்ணன் போஸ்டரைப் பார்த்த நாளிலிருந்து
அவள் போன் அணைந்தே கிடக்கிறது.
ஆறு நாள்தான் பாக்கி.
"ரெண்டையும் நீங்களே பண்ணிருங்கக்கா."

பகலில் நான் மின்வாரியத்தில் பில் கவுண்டர்.
சின்ன ஓட்டை வழியாக வருகிற கைகளை மட்டும்
பதினோரு வருடமாகப் பார்க்கிறவள்.
மனைவிக்கு வாடாமல்லி, மற்றவளுக்கு எலுமிச்சை மஞ்சள்.
மாற்றிக் கட்ட நாற்பது விநாடி.
குப்புராம் இரண்டு பேரிடமும் அதே வசனத்தைச் சொல்வான்:
"உன் பக்கத்துலதான் எனக்குத் தூக்கம் வருது."
முதலில் இரண்டு குரலில் சொல்லிப் பார்த்தான்,
பிறகு விட்டுவிட்டான். ஒரே குரல்.
வாடாமல்லியில் அது பொய்யாகக் கேட்கும்,
மஞ்சளில் உண்மையாக.
சில நாள் மாறியும்.
வீட்டுக்குப் போனால் இவர்
சோறு போதுமா என்று கேட்பார்.
இவரும் ஒரே குரல்தான்.

கடைசி அங்கம்தான் இடித்தது.
எங்கள் நாடகத்தில் அவனுக்கு முன்னால்
மற்றவள் வந்து கதவைத் தட்டுகிறாள்.
இரண்டு பேரும் நானே என்றால் எப்படி?
மஞ்சள் சேலையை மடித்துப்
பிளாஸ்டிக் நாற்காலியில் போட்டோம்.
நான் அதனோடு பேச வேண்டும்.

அன்றைக்கு நூற்றிப்பத்துப் பேர்.
எஸ்.ஐ. மஃப்டியில் கடைசி வரிசை, பக்கத்தில் மனைவி.
நான் நாற்காலியைத் திட்டினேன்.
எந்த மருந்தை வைத்து மயக்கினாய் என்பதுவரை
எழுதியிருந்தது முழுக்கத் திட்டினேன்.
அடுத்துச் சேலையின் முறை,
அதாவது இருபது எண்ணும் வரை மௌனம்.
பன்னிரண்டு எண்ணியிருப்பேன்,
நாலாம் வரிசையிலிருந்து ஒரு பொம்பளைக் குரல்:
"வெயில்ல வந்திருக்கு, மொதல்ல
அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடு ஆத்தா."

யாரும் சிரிக்கவில்லை.
அவன் கால் கழுவ வைத்திருந்த சொம்பு இருந்தது.
எடுத்துப்போய் நாற்காலியருகே வைத்தேன்.
மிச்சத் திட்டு மறந்துவிட்டது.
பாயை விரித்து உட்கார்ந்தேன்.
திரைக்குப் பின்னாலிருந்து சோணைமுத்து வரியை எடுத்துக் கொடுத்தான்,
நான் வாங்கவில்லை.

குப்புராம் வந்து கதவைத் தட்டினான்.
மறுபடியும் தட்டினான்.
வெண்பா முழுசாக என் வாய்க்குள் இருந்தது.
மூன்றாம் தடவை, நாடகத்தில் எங்கும் இல்லாத பெயரைச் சொல்லி,
"கனியக்கா, கதவத் தெறங்க" என்றான்,
மண்டபம் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி.

விளக்குக்காரப் பையன் பயந்துபோய் அணைத்துவிட்டான்.
இருட்டில் கை நீட்டிச் சொம்பை எடுத்து
நான்தான் குடித்தேன்.
கொஞ்சம் மஞ்சள் சேலையில் சிந்திவிட்டது.
வாடகைச் சேலை.
மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது
கறை என்று முப்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.