மூக்கு இரவல்

நாலு நாளாய்ப் பேச்சில்லை.
ஊசிப்போன சாம்பார் என்று தெரியாமல்
அவள் தம்பிக்கு ஊற்றிவிட்டேன்.
காய்ச்சலில் போன மோப்பம்
இரண்டு ஆனி கழிந்தும் திரும்பவில்லை.
"அதையே எத்தனை நாள் சொல்லுவீங்க"
என்றதுதான் கடைசி.

நேற்று ராத்திரி
ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள், என்னையல்ல:
"வண்டிப் பக்கம் பெட்ரோல் வாடை."

ஃபிரிட்ஜ் வந்த அட்டையை
வண்டிக்கடியில் விரித்துவிட்டுப் படுத்தேன்.
தூக்கமா வரும்?
பதினேழு வயசு வண்டி.
மேலூர்க்காரரிடம் வாங்கிய நாள் முதல்
குடிக்கிறது குடிக்கிறது என்று
ஊரெல்லாம் அதைத் திட்டியிருக்கிறேன்.

ஐந்தரைக்கு,
ஆனையூருக்கு வெயில் வருமுன்,
அட்டையை இழுத்தேன்.
இன்ஜின் ஆயில் சொட்டு, அது பழகியது.
பக்கத்தில்
நிறமே இல்லாத ஒரு வளையம்,
அட்டை மட்டும் லேசாய்ச் சுருங்கி.

மாடிப்படியில் பீடியோடு இறங்கினார் ஒச்சப்பன் அண்ணன்.
"அங்கேயே நில்லுங்க! கீழே போட்றாதீங்க!
மேலே போய் அணைச்சிட்டு வாங்க!"
வாயிலிருந்து எடுக்காமலே திரும்பி ஏறினார்,
வாடகை கேட்டுவிட்டது போன்ற முகத்தோடு.

சாவியை ஒரு திருப்பு, ஸ்டார்ட் செய்யாமல்.
பின்சீட்டுக்கு அடியில் பம்ப்
இரண்டு நொடி முனகி ஓய்ந்தது.
பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டேன்.
பழைய வேட்டியைக் கிழித்து,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு,
டேங்க் மூடி, கழுத்துக் குழாய், கிளாம்ப், ஃபில்டர் என்று
ஒவ்வொன்றையும் ஒரு துண்டால் துடைத்து
ஜன்னல் கம்பி வழியே நீட்டினேன்.

முதல் துண்டுக்கு உதட்டைப் பிதுக்கினாள்.
அடுத்தது, "ஆயில்."
அதற்கடுத்தது,
"வெறும் அழுக்கு. எப்பத்தான் கழுவுனீங்க?"
நான்காவதை வாங்கியவள்
தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள்.
"இதுதான். எங்கே துடைச்சீங்க இதை?"

ஃபில்டருக்குப் போகும் ரப்பர் குழாய்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்
எலிப்பல் இரண்டு, பக்கம் பக்கமாய்.
விளிம்பில் ஈரம்
துளியாகலாமா என்று யோசித்து நின்றது.

ரபீக் போனில் சொன்னான்:
"தொடாதீங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க,
பத்து மணிக்குக் குழாயோட வர்றேன்."

கதவை நெருங்கினேன்.
"அந்தச் சட்டையோட உள்ளே வராதீங்க."
வாசலிலேயே கழற்றினேன்.
கைகழுவி உட்கார்ந்தால்
தட்டில் இட்லி, கிண்ணத்தில் ராத்திரிச் சட்னி.
கிண்ணத்தைப் பிடித்தபடி
அவளைப் பார்த்தேன்.
அவள் குனிந்து முகர்ந்துவிட்டு,
"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.